ஆகுக என்பதும் ஆகியிருந்தால் என்பதும்

1946ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழில் நிறுவன நிலையாணைகள் சட்டத்தின் 9ஆம் பிரிவு, சான்றளிக்கப்பெற்ற நிலையாணைகளை ஆங்கிலத்திலும், தொழிலாளருள் பெரும்பான்மையோர் அறிந்த மொழியிலும், அவர்களிற் பெரும்பாலோர் உட்செல்லும் வாயிலின் அருகே தனிப்பலகைகளில் யாவரும் காணுமாறு ஒட்டிவைக்க வேண்டுமென்று முதலாளிமார்க்கு விதித்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் தன் 108ஆம் பிரிவில் அறிவிப்புகளைப்பற்றி ஏறக்குறைய இதனையே கூறிற்று. மதுரையிலோ திருச்சியிலோ இந்த விதியை நிறைவேற்றுவதில் சிரமம் ஒன்றுமில்லை. ஆனால் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்து, பின்னர் லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் செய்யும் பெருந்தொழில்கள் வந்து குடியேறிய எல்லைப்புற ஓசூரில், ‘பெரும்பான்மையோர் அறிந்த மொழி’ என்னும் தொடர் சட்டத்தை எழுதியவர்கள் எண்ணியதைக் காட்டிலும் பாரமுள்ளதாக ஆகிவிடுகிறது. வீட்டில் தெலுங்கும், சந்தையில் கன்னடமும், அலுவலகத்தில் தமிழும், மேலிடத்துக் கடிதத்தில் ஆங்கிலமுமாக ஒரே மனிதனின் ஒரு நாள் கழிவது அங்கே அதிசயமன்று. அண்மைக் காலத்தில் ஹிந்தியும் ஒடியாவும் பேசுவோர் திரளாக வந்து சேர்ந்திருப்பதால் அந்தக் கணக்கு மேலும் விரிந்திருக்கிறது.

இந்த எல்லைப்புறத்தில் ஆங்கிலம் பயில்வோர்க்கும் பயிற்றுவோர்க்கும் ஓயாத தொல்லை தருவதாகிய ஓர் இலக்கணப் பகுதியைப்பற்றியே இங்கு ஆராயப் புகுகிறோம். ஆங்கில இலக்கணிகள் அதனைச் ‘சப்ஜங்டிவ் மூட்’ என்பர். நடந்ததை நடந்தபடி கூறும் வினை ஒருவகை. ஏவும் வினை மற்றொருவகை. நடவாததை, நடக்கவேண்டுமென விரும்புவதை, நடந்திருந்தால் என்று எண்ணிப் பார்ப்பதைக் கூறும் வினை மூன்றாவது வகை. வசதி கருதி அம்மூன்றாவதை நாம் பாவனை வினை என அழைப்போம். 1930களில் வெளிவந்து இந்தியப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக ஆட்சி செலுத்திய ரென், மார்ட்டின் இருவரின் இலக்கணநூலில் இதற்கு ஒதுக்கப்பட்ட இடம் மிகச் சிறிது. அந்தச் சிற்றிடத்திலிருந்து மாணவன் எடுத்துச் செல்வதோ அதனினும் சிறிது. ‘இஃப்’ வந்தால் ‘வாஸ்’ என்பதை ‘வேர்’ என்று மாற்று என்ற ஒரு சூத்திரமே அவன் மனத்தில் தங்குகிறது. ஒருமைக்குப் பன்மை வினை வருவது எதனால் என்று அவன் கேட்பதில்லை. கேட்டாலும், ஆங்கிலேயர் சம்பிரதாயம் அப்படி என்பதற்கு மேலாக விடை கிடைப்பது அரிது.

உண்மையில் அது பன்மை வினையே அன்று. பழைய ஆங்கிலத்தில் ‘இருந்தான்’ என்பதற்கு ‘வாஸ்’ என ஒரு வடிவமும், ‘இருந்தானாயின்’ என்னும் பாவனைக்கு ‘வாரெ’ என்பதுபோல் ஒலித்த வேறொரு வடிவமும் ஒருமையிலேயே தனித்தனியாக வழங்கின. காலப்போக்கில் ஆங்கிலம் தன் விகுதிகளை ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டபோது அந்தப் பாவனை வடிவமும், பன்மைக்குரிய ‘வேர்’ என்பதும் ஒலியால் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஆகவே ‘இஃப் ஐ வேர் யூ’ என்னும் தொடரில் நிற்பது, பிழைபட்டுப் போன பன்மையன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒருமை வடிவம் ஒன்று தன் உறவினரெல்லாம் மறைந்த பின்னும் தனித்து உயிரோடு நிற்கும் காட்சியே அது. மற்ற வினைகளில் இந்தப் பாவனை, படர்க்கை ஒருமையில் ‘ஸ்’ என்னும் விகுதி இல்லாமையினால் மட்டுமே அறியப்படுகிறது. ‘பி’ என்னும் வினையிலோ வேர்ச்சொல் அப்படியே நின்று தன்னைக் காட்டிக்கொள்கிறது. அரசனை ஆண்டவன் காப்பானாக என்னும் அவர்கள் வாழ்த்திலும், அவ்வாறே ஆகுக என்னும் பொருள்படும் ‘ஸோ பி இட்’ என்பதிலும் உறைந்து கிடப்பது இதுவே.

1926ஆம் ஆண்டில் தம் புகழ்பெற்ற ஆங்கிலப் பிரயோக அகராதியை வெளியிட்ட ஃபௌலர், இப்பாவனை வினை பெரும்பாலும் சாகுந்தறுவாயில் இருப்பதாகவே தீர்ப்பளித்தார். அவர் மதிப்பு ஒரு பாதி பலித்தது, மறுபாதி பொய்த்தது. வேண்டுகோளையும் கட்டளையையும் தொடர்ந்து வரும் ‘பி’ வடிவம் அமெரிக்கரின் எழுத்தில் இருபதாம் நூற்றாண்டில் அழியாதது மட்டுமன்றித் தழைக்கவும் செய்தது. பிரிட்டிஷார் அவ்விடத்தில் ‘ஷுட்’ என்னும் துணைவினையைப் பெய்து எழுதுவதையே பெரிதும் விரும்பினர். 1985இல் குவர்க்கும் அவருடைய தோழர்களும் வெளியிட்ட பேரிலக்கணம், கட்டளைப் பாவனை, மரபுத்தொடர்ப் பாவனை, ‘வேர்’ பாவனை என மூன்றாக இதனை வகுத்தது. 2002இல் ஹடில்ஸ்டனும் புல்லமும் செய்த கேம்பிரிட்ஜ் இலக்கணம் இன்னும் ஒரு படி முன்சென்று, ‘வேர்’ என்பதற்கும் ‘பி’ என்பதற்கும் இடையே பொதுப்பெயர் எதுவும் வேண்டாமென்று இரண்டையும் பிரித்தே விட்டது. இந்தப் பிரிவினை நம் ஆராய்ச்சிக்கு உயிர்நிலையானது. ஏனெனில், ஐரோப்பிய இலக்கணம் ஒரே கூரையின்கீழ் வைத்துப் பெயரிட்ட இவ்விரண்டும் பிறவியிலேயே வேறானவை என்பதை நம் மொழிகள் அறிந்திருந்தன. ஆகுக என்பது ஒன்று. ஆகியிருந்தால் என்பது மற்றொன்று. முன்னையது விருப்பத்தின் மொழி, பின்னையது கற்பனையின் மொழி.

முன்னையதை முதலில் எடுத்துக்கொள்வோம். தொழிற்சாலை நிலையாணைகளில் பெரும்பாலும் ‘ஷல்’ என்பதே கோலோச்சுகிறது என்பது உண்மை. எனினும் அவற்றைச் சூழ்ந்து பிறக்கும் தீர்மானங்கள், விசாரணை அறிக்கைகள், பேச்சுவார்த்தைக் குறிப்புகள் ஆகியவற்றில் ‘பி’ பாவனை அடிக்கடி தலைகாட்டும். ஒரு தொழிலாளியின்மீது நடந்த விசாரணையின் குறிப்பில், அவர் முன்னிலையில் இருந்தாக வேண்டுமென்று சங்கத்தார் வற்புறுத்தினர் என எழுதவேண்டிய இடத்தில், ‘தி யூனியன் இன்சிஸ்டட் தட் ஹி பி ப்ரெஸன்ட்’ என்று ஒருவர் எழுதியதாகக் கொள்வோம். ஆங்கிலம் அரைகுறையாய்க் கற்ற குமாஸ்தா ஒருவர் அதில் ‘பி’ என்பது எழுத்துப்பிழை போலும் என்று கருதி, அதனை ‘வாஸ்’ என்று திருத்திவிட்டால், பொருள் தலைகீழாகிவிடுகிறது: அவர் அப்போது அங்கே இருந்தார் என்று சங்கத்தார் சாதித்தனர் என்பதே அதன் பொருள். ஒரு சொல்லில், கோரிக்கையாக இருந்தது சாட்சியமாக மாறிவிடுகிறது. அந்தச் சாட்சியம் நாளைக்குத் தொழில் நீதிமன்றத்தில் எடுத்து நீட்டப்படும்போது அதன் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. தமிழில் இத்தகைய விபத்துக்கு இடமே இல்லை. ‘இருக்கவேண்டும் என்று’ என்பதும், ‘இருந்தார் என்று’ என்பதும் பார்த்த மாத்திரத்தில் வேறுபட்டு நிற்பவை.

இந்த விருப்ப வினைக்குத் தமிழ் இலக்கணிகள் இட்ட பெயர் வியங்கோள் என்பது யாவரும் அறிந்ததே. அதன் பொருள்களாக உரையாசிரியர்கள் வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என நான்கினை எண்ணுவர். ஆங்கிலத்தின் ‘பி’ பாவனையை எடுத்து வைத்துக்கொண்டு இந்நான்கையும் பொருத்திப் பார்ப்போமானால், ஒன்றேனும் மிகாமல் ஒன்றேனும் குறையாமல் பொருந்துவது வியப்பளிப்பது: அரசனை வாழ்த்துவதும், பகைவன் தொலைக என்பதும், சபை தீர்மானிப்பதும், மனுதாரர் வேண்டுவதும் அம்மொழியிலும் ஒரே வடிவத்தினாலேயே நிகழ்கின்றன. தொல்காப்பியனார் காலத்தில் இவ்வினை தன்மை, முன்னிலை ஆகிய இரண்டிடங்களிலும் நிலைபெறாமல் பெரும்பாலும் படர்க்கைக்கே உரியதாய் இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் நன்னூல் செய்தபோதோ, ககரம் முதலிய ஈறுகளையுடைய வியங்கோள் இடம் பால் எல்லாவற்றிலும் செல்லும் என்று விதி விரிந்துவிட்டது. பாவனை வினை ஆங்கிலத்தில் சுருங்கிக்கொண்டே வர, தமிழில் அது அவ்விரண்டு நூல்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் தன் எல்லையை அகலப்படுத்திக்கொண்டது என்பதைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு சிறு செய்தியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பவணந்தியாரை நன்னூல் செய்வித்த வள்ளல் சீயகங்கன், மூன்றாம் குலோத்துங்கனுக்கு அடங்கிய சிற்றரசன். கோலார் என இன்று வழங்கும் குவளாலபுரத்திற்குத் தலைவர் என்று பட்டம் சூடிக்கொண்ட கங்கர் மரபினன். அந்தக் கோலாரோ, ஓசூரை உள்ளடக்கிய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடக்கெல்லையை ஒட்டிக் கிடக்கும் நிலம். தமிழின் பெரும் இலக்கணநூல்களுள் ஒன்று, கன்னடமும் தமிழும் ஒன்றோடொன்று உரசும் இந்தப் பிரதேசத்தின் தொடர்புடைய அரசமரபால் ஆதரிக்கப்பெற்றது என்பதையும், அடுத்த ஐம்பது அறுபது ஆண்டுகளுக்குள் கேசிராஜன் கன்னடத்திற்குச் சப்தமணிதர்ப்பணம் என்னும் இலக்கணத்தை இயற்றினான் என்பதையும் சேர்த்து எண்ணும்போது, எல்லைப்புறங்கள் மொழியைச் சிதைக்கும் இடங்கள் என்னும் பரவலான அபிப்பிராயம் எவ்வளவு மேலெழுந்தவாரியானது என்பது புலனாகும். தன் மொழிக்கு அருகிலேயே வேறொரு மொழி நடமாடும்போதுதான் தன் மொழிக்கு இலக்கணம் உண்டு என்பதே ஒருவனுக்கு உறைக்கிறது.

பழைய கன்னடத்தில் விருப்ப வினை ககர விகுதியோடேயே வந்தது. நம் ‘ஆகுக’ போன்றே அவர்கள் ‘அக்கெ’ என்றனர். பின்னர் அது வழக்கொழிந்து, ‘ஆகலி’, ‘பரலி’ என்னும் வடிவங்கள் அதன் இடத்தைப் பற்றின. தெலுங்கில் ‘காக’ என்னும் சொல் வினையோடு சேர்ந்து ஆசியையும் சாபத்தையும் உணர்த்தும். பேச்சுத் தமிழிலோ வியங்கோளின் பெரும்பகுதியை ‘வரட்டும்’, ‘போகட்டும்’ என்னும் வடிவங்கள் கைப்பற்றிக்கொண்டன. வர ஒட்டும், அதாவது வருவதற்கு இடங்கொடுக்கும், என்னும் தொடர் தேய்ந்து ஆனதே அது. எனவே ஓசூர்ச் சந்தையில் ஒருவர் ‘பரலி பிடு’ என்றும் மற்றவர் ‘வரட்டும் விடு’ என்றும் சொல்லும்போது, இருவரும் ஒரே பாவனையைத் தத்தம் மொழியின் புது வடிவத்தால் சொல்கிறார்கள்.

ஆட்சிமொழியில் விருப்ப வினை எத்துணைக் கம்பீரமாக நடமாடிற்று என்பதைச் சாசனங்கள் காட்டும். தமிழும் கன்னடமும் தெலுங்குமாகக் கல்வெட்டுகள் கிடைக்கும் இந்நாட்டில், தானத்தைச் சந்திராதித்தர் உள்ளவரை செல்வதாக என்று முடிப்பதும், இன்னார் இன்னது செய்யக்கடவர் என்று விதிப்பதும் வழக்கமாக இருந்தன. ‘கடவது’ என்னும் இவ்வாய்பாடு பிற்காலத்தில் விவிலியத்தைத் தமிழாக்கியவர்கட்கும், ஆங்கிலேயர் காலத்துச் சட்டங்களை மொழிபெயர்த்தவர்கட்கும் பெருந்துணையாயிற்று. சுதந்திர இந்தியாவின் சட்டங்களும் தம் தலைவாயிலில் பாவனை வினையையே நிறுத்தியிருக்கின்றன: குடியரசின் இன்ன ஆண்டில் பாராளுமன்றத்தால் இது இயற்றப்படுவதாக என்னும் பொருளுடைய ஆங்கில முகப்புத்தொடர் ‘பி இட்’ என்றே தொடங்குகிறது, தமிழ்நாட்டுச் சட்டங்களின் தமிழ் வாசகமும் ‘ஆகுக’ என்னும் வியங்கோளிலேயே நிற்கிறது. ஆங்கிலச் சட்டத்தைத் தமிழாக்கும்போது எத்தனையோ இடங்களில் மொழிபெயர்ப்பாளர் திணறுவது கண்கூடு. ஆனால் இந்த ஓர் இடத்தில் இரு மொழிகளும் ஒன்றையொன்று சிரமமின்றித் தழுவிக்கொள்கின்றன.

இனிக் கற்பனையின் மொழிக்கு வருவோம். இதுவே நம் பொருளின் சுவைமிக்க பகுதி.

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலச் சீரமைப்பு நடைமுறைக்கு வந்தபோது, கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த கொள்ளேகால் தாலுகா மைசூர் மாநிலத்தோடு சேர்க்கப்பட்டது. அப்போது சேலம் மாவட்டத்திலிருந்த ஓசூரோ சென்னை மாநிலத்திலேயே நின்றது. 1965இல் அது தர்மபுரி மாவட்டத்திற்கும், 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்திற்கும் உரியதாயிற்று. கொள்ளேகாலுக்கு நேர்ந்ததே ஓசூருக்கும் நேர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எல்லையோர மக்கள் பேசிக்கொள்வது எளிதில் கற்பனை செய்யக்கூடியதே. ‘ஓசூர் மைசூரோடு சேர்ந்திருந்தால், நாம் கன்னடத்தில் மனு எழுதியிருப்போம்’ என்று தமிழர் சொல்லுவர். இவ்வொரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு, நடவாததை மொழிகள் எவ்வாறு உருவாக்குகின்றன என்று பார்ப்போம்.

கன்னடத்தில் இதன் இறுதி வினை ‘பரெயுத்தித்தெவு’ என்று அமையும். இவ்வினையை இந்த வாக்கியத்திலிருந்து எடுத்துத் தனியே நிறுத்தினால், நாங்கள் எழுதிக்கொண்டிருந்தோம், எழுதுவது எங்கள் வழக்கமாயிருந்தது என்பதே அதன் பொருள். தெலுங்கில் ‘ராசேவாள்ளம்’ என்பர். அதன் நேர்ப்பொருளும் முற்காலத்தில் எழுதிவருவோம் என்பதே. வட இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளி இதனைத் தம் ஹிந்தியில் சொல்வாராயின் ‘லிக்தே’ என்று முடிப்பார். அதுவும் வழக்கமாக நிகழும் செயலைக் காட்டும் வடிவந்தான். ஆங்கிலத்தில் வரும் ‘வுட்’ என்னும் துணைவினையையும் பாருங்கள்: நடவாததைச் சொல்ல உதவும் அதுவே, முன்னாளில் என் பாட்டனார் நாள்தோறும் ஏரிக்கரைக்குப் போவார் என்பதுபோன்ற பழைய வழக்கத்தைச் சொல்லவும் அவர்களுக்கு உதவுகிறது. தமிழோ, முதற்பார்வைக்கு இந்த வட்டத்தினுள் சேராதது போல் தோன்றும். ‘எழுதியிருப்போம்’ என்பதில் இறந்த காலத்து வழக்கம் எங்கே இருக்கிறது? ஆனால் ‘இருப்போம்’ என்னும் வடிவம் எதிர்காலத்தை மட்டுமா காட்டுகிறது? ‘அந்தக் காலத்தில் ஆற்றில்தான் குளிப்போம், விடியுமுன்னே வயலில் இருப்போம்’ என்று முதியோர் சொல்லும்போது அதே வடிவம் கழிந்துபோன வழக்கத்தைக் காட்டவில்லையா? இவ்வாறு தொழிற்பேட்டையின் வாயிலில் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளத் தடுமாறும் ஐந்து மொழிகளும், நடவாததைக் கூற வேண்டிய சந்தர்ப்பத்தில் ஒரே கைவினையைக் கையாள்கின்றன: வழக்கத்தைக் கூறும் வினையை எடுத்து, அதனை இல்லாத உலகத்திற்குள் நிறுத்துகின்றன.

நிபந்தனையைக் கூறும் முன்பகுதியிலும் இத்தகைய ஓர் ஒற்றுமை உண்டு. ‘நாளை மழை பெய்தால்’ என்கிறோம். நாளை என்பது வருங்காலம். ஆனால் ‘பெய்தால்’ என்பதில் நிற்கும் பகுதி இறந்தகால வினையின் பகுதியே. வந்தால், சொன்னால், கேட்டால் எல்லாம் அப்படிப்பட்டவை; பழந்தமிழின் ‘வந்தக்கால்’ என்பதும் அத்தகையது; கன்னடத்தின் ‘பந்தரெ’ என்பதும் அதுவே. இறந்தகாலம் இங்கே காலத்தைக் காட்டுவதை விட்டுவிட்டு, நிகழ்ச்சியைப் பேசுவோனுக்கு எட்டத்தில் வைக்கும் தொழிலை மேற்கொள்கிறது. ‘இஃப் ஐ வேர்’ என்பதில் ஆங்கிலம் செய்வதும் இதனையன்றி வேறில்லை. 1924இல் டென்மார்க்குப் பேரறிஞர் யெஸ்பர்சன் இலக்கணத்தின் தத்துவம் குறித்து எழுதிய நூலில் இறந்தகால வடிவம் கற்பனைக்கு இரவல்போகும் இவ்வியல்பை எடுத்துக்காட்டினார். 2000ஆம் ஆண்டில் சபீன் இயாட்ரிடூ என்னும் மொழியியலறிஞர், நடவாமையைக் காட்டும் வினைகளில் காலங்காட்டாத இறந்தகாலமும் முற்றுப்பெறாத வினைநிலையும் பல மொழிகளிற் சேர்ந்து வருவதை ஆராய்ந்தெழுதிய கட்டுரை, இத்துறையில் பெரும் விவாதத்தைத் தொடங்கிவைத்தது.

நம் நாட்டு இலக்கணிகள் இதனை நெடுங்காலத்துக்கு முன்னரே உணர்ந்திருந்தார்கள். நிகழக்கூடியதாயிருந்தும் நிகழாமற்போன செயலைப் பாணினி கிரியாதிபத்தி என்று பெயரிட்டு, அதற்கென்றே ஒரு தனி வினைவாய்பாட்டை விதித்தார். அவ்வடிவத்தின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால், எதிர்கால வினைப்பகுதியின் முன்னே இறந்தகாலத்துக்குரிய அகர முன்னொட்டு ஏறியிருப்பது தெரியும். அதாவது, கழிந்துபோன எதிர்காலம். ‘எழுதியிருப்போம்’ என்பதிலும் ‘எழுதி’ என்னும் கழிந்ததும் ‘இருப்போம்’ என்னும் வருவதும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதை நோக்கும்போது, சம்ஸ்கிருதமும் தமிழும் வேறுவேறு பொருள்களைக்கொண்டு ஒரே அஸ்திவாரத்தின்மேல் கட்டிய கட்டடங்கள் இவை என்று சொல்லத் தோன்றுகிறது. வேதமொழியில் செழித்திருந்த ‘லேட்’ என்னும் பாவனை வினை பிற்காலச் சம்ஸ்கிருதத்தில் வழக்கொழிந்து, அதன் தன்மை வடிவங்கள் மட்டும் ஏவல் வினையின் வாய்பாட்டில் அடைக்கலம் புகுந்தன என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. பாவனை வினை தேய்வதைக் கண்டு கவலை கொள்வோர்க்கு, இது ஆங்கிலத்துக்கு மட்டும் வந்த நோயன்று என்பதே மறுமொழி.

தமிழ் மாணவன் இடறும் இடம் எது? இதுவரை சொன்ன ஒற்றுமைகளெல்லாம் முறிந்துபோகும் ஓரிடம் உண்டு. ஆங்கிலத்தில் ‘இஃப் ஐ ஆம்’ என்றால் அப்படி இருக்கவும் கூடும். ‘இஃப் ஐ வேர்’ என்றால் அப்படி இல்லை என்பது தெளிவு. தமிழில் ‘நான் மேலாளராக இருந்தால்’ என்பது இரண்டிற்கும் பொது. அடுத்த மாதம் பதவி உயர்வை எதிர்பார்ப்பவரும் அதனையே சொல்லுவர். பதவி உயர்வைக் கனவிலும் கருதாத கடைநிலைத் தொழிலாளியும் அதனையே சொல்லுவர். வேறுபாட்டைக் குரலும் சூழலும் காட்டவேண்டும். இறந்த காலத்தில் மட்டும் ‘இருந்திருந்தால்’ என்று நாம் தெளிவாகப் பிரித்துவிடுகிறோம். ஆகவே நிகழ்காலத்து நடவாமையை அழுத்திச் சொல்ல விரும்புவோர் சில வேளைகளில் அந்த ‘இருந்திருந்தா’லையே இங்கும் கொண்டுவந்து வைக்கிறார்கள். இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலம் எழுதப் புகும்போது, நிபந்தனைப் பகுதியிலேயே ‘வுட்’ என்பதைப் பெய்து, ‘இஃப் ஐ வுட் பி’ என்றும் ‘இஃப் ஐ வுட் ஹேவ் நோன்’ என்றும் எழுதும் வழக்கம் நம் நாட்டில் பரவலாக ஏற்பட்டுவிட்டது. கற்பனையின் அடையாளம் இரு பகுதிகளிலும் இருக்கவேண்டும் என்னும் உணர்வு சரியானதே. அதனை எந்தப் பகுதியில் எவ்வடிவத்தால் காட்டுவது என்பதில்தான் பிழை.

மற்றோர் இடர், ‘வந்திருப்பான்’ என்னும் நம் வடிவத்தினிடமிருந்து வருகிறது. ‘சொல்லியிருந்தால் வந்திருப்பான்’ என்பதில் அவன் வரவில்லை. ‘இந்நேரம் வந்திருப்பான்’ என்பதில் அவன் வந்துவிட்டான் என்றே ஊகிக்கிறோம். ஒரே வடிவம் நடவாமைக்கும் நடந்ததன் ஊகத்திற்கும் பயன்படுவதால், ஆங்கிலத்தில் ‘வுட் ஹேவ் கம்’ என்பதும் ‘மஸ்ட் ஹேவ் கம்’ என்பதும் தமிழ் மாணவர் கையில் இடம்மாறி நிற்பது இயல்பாகிவிடுகிறது. இவ்விடத்தில் கன்னடம் அறிந்த ஓசூர் மாணவனுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. கன்னடப் பள்ளி இலக்கணம் வினைகளை விதி, நிஷேதம், சம்பாவனை என்று பிரித்துக் கற்பிக்கிறது. ‘மளெ பந்தீது’, மழை வந்தாலும் வரக்கூடும். ‘அவனு பித்தானு’, அவன் விழுந்துவிடக்கூடும், எச்சரிக்கை: இவை சம்பாவனை வடிவங்கள். இல்லாததும் அன்று, உறுதியானதும் அன்று என்னும் இடைநிலைக்கு ஒரு தனி வினைவடிவையே வைத்துக்கொண்டிருக்கும் அம்மொழியின் வாயிலாக ஆங்கிலத்தின் ‘மே’, ‘மைட்’ ஆகியவற்றை விளக்கினால், அவன் தன்னுடையதாகவே அதனை ஏற்றுக்கொள்வான். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்திற்குப் பின் அந்தப் பகுதியின் தெலுங்கு, கன்னடக் குழந்தைகளும் பள்ளியில் தமிழ் பயின்று வருவதால், மூன்று இலக்கணங்களை அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு வேறெந்த மாவட்டத்துக் குழந்தைகளைக் காட்டிலும் அவர்களுக்கே மிகுதி. ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் 1878இல் பிறந்து, அவ்வூர்ப் பள்ளியிலும் பின் பெங்களூர் மத்தியக் கல்லூரியிலும் பயின்ற ராஜாஜியின் ஆங்கில நடையில் காணப்படும் தெளிவுக்கு இந்தப் பன்மொழிச் சூழலே காரணம் என்று நிரூபிக்க இயலாது. ஆயினும் அச்சூழல் அதற்குத் தடையாக இருக்கவில்லை என்பது மட்டும் வெளிப்படை.

இந்த இடத்தில் வரலாற்றின் ஒரு முரணை நினைவுகூர்தல் தகும். பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் தொண்டாற்றிய அன்றீக்கே அன்றீக்கஸ் பாதிரியார் தமிழுக்கு எழுதிய இலக்கணமும், 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறிய பெஸ்கியாரின் கொடுந்தமிழ் இலக்கணமும், லத்தீன் மரபைக் கண்முன் வைத்துக்கொண்டு தமிழ் வினைகளை அணுகியவை. தமக்குப் பழக்கமான அறைகளில் நம் வினைகளைக் கொண்டுபோய் வைக்க அம்மரபு அவர்களைத் தூண்டிற்று. அது எப்போதும் பொருந்தவில்லை என்றாலும், தாம் அறிந்ததிலிருந்து அறியாததற்குச் சென்ற அவர்களுடைய முறை குற்றமற்றது. அதே முறையை நாம் எதிர்த்திசையில் கையாள்வதற்கு என்ன தடை? வியங்கோளிலிருந்து ‘பி’க்கும், ‘நாளை வந்தா’லிலிருந்து ‘வேரு’க்கும் செல்லும் ஓர் ஆங்கில இலக்கணப் பாடத்தை நம் பள்ளிகளில் காண்பது அரிதாயிருப்பதற்குக் காரணம், ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பிக்கவேண்டும் என்னும் பிடிவாதமே என்று கருதுகிறேன்.

இறுதியாக, எதனைக் காப்பது எதனை விடுவது என்ற கேள்வி இருக்கிறது. ஆங்கிலேயரே பேச்சில் ‘இஃப் ஐ வாஸ்’ என்று தாராளமாகச் சொல்லுகிறார்கள். நம் மாணவர்களும் அவ்வாறு சொன்னால் குடிமுழுகிப் போய்விடாது. தலைமை வாக்கியத்தில் ‘வுட்’ நிற்கும்வரை அது கற்பனையென்பது கேட்போர்க்கு விளங்கியே தீரும். தேர்வுத்தாளிலும் உயர்ந்த எழுத்திலும் மட்டும் ‘வேர்’ என்பதைக் கைக்கொண்டால் போதுமானது. ‘பி’யின் நிலை அப்படியன்று. சங்கத்தார் கோரியதும் சங்கத்தார் சாதித்ததும் அந்தச் சிறு சொல்லால் மட்டுமே வேறுபடும் சந்தர்ப்பங்கள் உண்டு. கையெழுத்திடுவோர் அதனைத் தவிர்க்க விரும்பினால், பிரிட்டிஷாரைப் பின்பற்றி ‘ஷுட் பி’ என்று எழுதட்டும். அது இரண்டு பொருளுக்கு இடங்கொடாது, தமிழில் ‘வேண்டும்’ என்பதன் நேர்நிழலாகவும் இருக்கும். பேச்சுவார்த்தை முடிந்து குறிப்பு தட்டச்சாகும்போது ‘பி’யைக் கண்ட குமாஸ்தா அதனைத் திருத்துவதற்கு முன், அதனை எழுதியவரிடம் ஒருமுறை கேட்டுவிடுவது நலம்.